வழி கிடைக்காத குதிரை

கிண்டியில் எனக்கு ரேஸ் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர். ஸ்டாண்டில் கடைசி நானூறு மீட்டர் நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து நிற்பார். கழுத்தில் பழைய பைனாகுலர், சட்டைப்பையில் ஸ்டாப் வாட்ச். நான் போக ஆரம்பித்த முதல் மாதத்திலேயே என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "ஜெயிக்கிற குதிரையைப் பாக்காத தம்பி. அதை ஊரே பாக்குது, நாளைக்குப் பேப்பர்லயும் வரும். அதுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு பாரு."

சொல்வது சுலபம். குதிரைகள் கடைசி நேர்பாதையான ஸ்ட்ரெயிட்டுக்குள் திரும்பியதும் ஸ்டாண்ட் மொத்தமும் எழுந்து நிற்கும், கத்தும். கண் தானாக முன்னால் ஓடும் இரண்டு குதிரைகள் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிடுங்கி ஐந்தாவது, ஆறாவது இடத்தில் வைக்க எனக்கு ஒரு முழு சீசன் ஆனது. வைக்கப் பழகிய பிறகு, அதுவரை நான் பார்த்தது பந்தயமே இல்லை, அதன் முடிவை மட்டும்தான் என்று புரிந்தது.

அது 1996-ஐ ஒட்டிய காலம். அந்த ஜனவரியில்தான் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது பெருமளவு திறமைதான், வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஸ்டாண்டில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். பெரியவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். அதிர்ஷ்டம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, அது எவ்வளவு என்று அளக்கத் தெரிய வேண்டும் என்பார். துரதிர்ஷ்டத்தை அளப்பது. அவரிடம் நான் கற்றது அந்த ஒரு வேலைதான்.

இந்த வேலைக்கு அர்த்தம் கொடுப்பது ஹேண்டிகேப் முறை. நம் ஊரில் நடக்கும் பந்தயங்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங் உண்டு, முதுகில் ஏறும் கிலோ அதைப் பொறுத்தது. ஜெயித்தால் ரேட்டிங் ஏறும், அடுத்த முறை பாரமும் ஏறும். வழி கிடைக்காமல் ஐந்தாவதாக வந்த குதிரைக்கு அந்தத் தண்டனை கிடையாது. ஜெயிக்கும் பலம் இருந்தும் தோற்ற குதிரைக்குரிய பாரத்தோடு அது அடுத்த பந்தயத்துக்கு வந்து நிற்கும். அதனால்தான் அதைத் தேடுகிறோம்.

ஒரு பந்தயத்தைச் சொல்கிறேன். குளிர்கால சீசன், 1400 மீட்டர், பதினோரு குதிரைகள். அதில் ஒரு செவலை ஃபில்லி (இளம் பெண் குதிரை), நான்கு வயது, அதுவரை பெரிதாக ஒன்றும் செய்யாதது. ஸ்ட்ரெயிட்டுக்குள் திரும்பும்போது உள்வேலியான ரெயிலை ஒட்டி ஐந்தாவதாக இருந்தது. ஜாக்கி அசையவே இல்லை. முழங்கை மடங்கியபடி, லகான் இறுகியபடி உட்கார்ந்திருந்தார். ஃபில்லியின் கழுத்து வளைந்து, காது இரண்டும் முன்னால் விறைத்து நின்றன. எதிரே மூன்று குதிரைகள் சுவர் மாதிரி. அவற்றில் ரெயில் பக்கம் ஓடியது களைத்துப்போய்ப் பின்னால் வர, அது நேராக இவள் மேலேயே வந்து விழுந்தது போல் ஆயிற்று. ஜாக்கி எழுந்து நின்று இழுத்தார். ஃபில்லியின் தலை வானத்தைப் பார்த்தது, வாய் பிளந்தது, பின்கால்கள் ஒருமுறை குறுகின. ஐந்தாவது எட்டாவதாகிவிட்டது. கடைசி நூற்றைம்பது மீட்டரில்தான் வெளிப்பக்கமாக வழி திறந்தது. நான்காவதாக முடித்தாள், இரண்டே முக்கால் லெங்த் (குதிரை நீளம்) பின்னால்.

அதே பந்தயத்தில் ஃபேவரிட்டும் அடைபட்டது. ஸ்டாண்டே அதற்காகத்தான் துடித்தது, பணம் அதன் மேல்தான் இருந்தது. ரீப்ளேயைத் திரையில் இரண்டு முறை பார்த்தேன். ஃபேவரிட்டின் ஜாக்கி அறுநூறு மீட்டர் இருக்கும்போதே தள்ள ஆரம்பித்துவிட்டார். நானூறில் சாட்டை எடுத்தார். வழி அடைபட்டது இருநூறில். அடைபடும் முன்பே அந்தக் குதிரை கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்து முடித்திருந்தது. மூடிய கதவு திறந்திருந்தாலும் உள்ளே நுழைய அதனிடம் எதுவும் மிச்சமில்லை.

துரதிர்ஷ்டமான குதிரை எது என்று கேட்டால் நான் பார்ப்பது இதைத்தான்: தொல்லை வந்த அந்த நொடியில் அதனிடம் பலம் மிச்சமிருந்ததா? தொல்லை எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஜாக்கியின் கையைப் பார்க்க வேண்டும், தோளைப் பார்க்க வேண்டும், குதிரையின் காதைப் பார்க்க வேண்டும். தடுக்கப்படும் முன் மூன்று நொடி, தடை நீங்கிய பின் மூன்று நொடி. பதில் அந்த ஆறு நொடிக்குள் இருக்கிறது.

இன்னொரு இடமும் உண்டு, பெரும்பாலோர் பார்க்காத இடம். ஃபினிஷிங் போஸ்ட் தாண்டிய பிறகு. நம்பர் போர்டு பக்கம் எல்லோரும் திரும்பிவிடுவார்கள். பெரியவர் பைனாகுலரை இறக்கவே மாட்டார். அன்றைக்கு நானும் இறக்கவில்லை. போஸ்ட் தாண்டி இருநூறு மீட்டருக்குள் செவலை, தனக்கு முன்னால் வந்த மூன்றையும் தாண்டிப் போய்விட்டாள். அவளை நிறுத்த ஜாக்கிக்கு அடுத்த வளைவு வரை ஆயிற்று. ஜெயித்த குதிரை அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தது.

இழுத்துப் பிடிக்கப்பட்ட குதிரை எவ்வளவு இழக்கிறது என்பதை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம். பாய்ச்சலில் ஓடும் குதிரையின் ஒரு எட்டு ஏறக்குறைய ஏழு மீட்டர். ஒரு நொடிக்கு இரண்டு எட்டுக்குச் சற்று மேல். மூச்சும் அந்த எட்டோடு பூட்டப்பட்டது, ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு. குதிரையால் பாய்ச்சலின் நடுவே தனியாக மூச்சு வாங்க முடியாது. தாளத்தை உடைத்தால் காலோடு சேர்ந்து மூச்சும் உடைகிறது. நானூற்றைம்பது கிலோ உடம்பை, மேலே இருக்கும் ஆளோடு சேர்த்து, மறுபடி மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ற வேண்டும், அதுவும் களைத்த காலை வைத்துக்கொண்டு. கண்ணுக்குத் தெரிவது இரண்டு லெங்த் நஷ்டம் என்றால் உள்ளே போனது அதைவிட அதிகம். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஆறேழு லெங்த் கடந்துபோகும். அரை நொடி தடுமாற்றமே மூன்று லெங்த். ஆனால் இதே தொல்லை பந்தயத்தின் முதல் நூறு மீட்டரில் நடந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 1600 மீட்டரில் திரும்பப் பிடிக்க நேரம் இருக்கிறது. 1000 மீட்டரில் அது இல்லை, அங்கே கேட்டைவிட்டு ஒரு லெங்த் தாமதமாகக் கிளம்பினாலே கணக்கில் சேர்க்க வேண்டும்.

வளைவில் வெளியே ஓடுவது இன்னொரு நஷ்டம். இதில் சத்தமே இல்லை, இடி இல்லை, தலை தூக்குவது இல்லை. அதனால் பந்தய நடுவர்களான ஸ்டூவர்ட்ஸ் அறிக்கையில்கூட ஒரு வரிக்கு மேல் வராது. கணக்கு மட்டும் இருக்கிறது. பாதி வட்டமாகத் திரும்பும் வளைவில் ரெயிலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடினால் கூடுதலாக ஓட வேண்டிய தூரம் 3.14 மீட்டர். வளைவு பெரியதா சிறியதா என்பது இதில் பொருட்டே இல்லை, எவ்வளவு திரும்புகிறது என்பது மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் படித்த அதே கணக்கு, ரேஸ் மைதானத்தில் அது இவ்வளவு சரியாகப் பொருந்துவதை முதலில் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று மீட்டர் தள்ளி ஓடினால் ஒன்பதரை மீட்டர் அதிகம். ஒரு குதிரையின் நீளம் ஏறக்குறைய 2.4 மீட்டர். ஆக, வளைவு முழுக்க வெளியே மாட்டிக்கொண்டு இரண்டு லெங்த்தில் தோற்ற குதிரை, உண்மையில் ஜெயித்த குதிரையைவிட அதிகம் ஓடியிருக்கிறது. கடைசி கேட்டிலிருந்து கிளம்பிய குதிரைகளின் பெயர்களுக்கு எதிரே நான் எப்போதும் "எத்தனையாவது வரிசை" என்று எழுதி வைப்பது இதற்காகத்தான்.

ஊட்டியில் பந்தயம் நடந்த காலத்தில் இது இன்னும் கடுமை. கிண்டி சீசன் முடிந்து கோடையில் குதிரைகள் மலை ஏறின. அங்கே ஓடுபாதை சிறியது, வளைவுகள் நெருக்கம், காற்றும் மெலிந்தது. கிண்டியின் நீண்ட ஸ்ட்ரெயிட்டில் பின்னாலிருந்து பாய்ந்து வரும் பெரிய உடம்புக் குதிரை, ஊட்டியில் திரும்பி முடிப்பதற்குள் பந்தயமே முடிந்துவிடும். அங்கே தோற்றதை வைத்து அதை நான் ஒதுக்கியதில்லை. அதே சமயம் "துரதிர்ஷ்டம்" என்றும் எழுதியதில்லை. அது இடப் பொருத்தம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நோட்டுப் புத்தகம் முழுக்கப் பெயர்களாகிவிடும்.

துரதிர்ஷ்டத் தோல்விக்கு உலகம் அறிந்த உதாரணம் 1986-ஆம் ஆண்டின் எப்சம் டெர்பி. அதை நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன். டான்சிங் பிரேவ், அந்த வருடத்து டூ தவுசண்ட் கினீஸ் வென்ற குதிரை. ஜாக்கி கிரெவில் ஸ்டார்க்கி அதைப் பின்வரிசையில் வைத்துக்கொண்டு போனார். முன்னால் வேகம் இல்லை. எப்சமில் டாட்டன்ஹாம் கார்னரை நோக்கிப் பாதை கீழே இறங்கும், ஸ்ட்ரெயிட் ரெயில் பக்கம் சரிந்திருக்கும். குதிரை நிலைகொள்ளவே இடம் கொஞ்சம் பிடிக்கும். அது நிலைகொண்டு, வெளிப்பக்கம் வந்து, ஒவ்வொன்றாகக் கடந்து வந்தபோது ஷாராஸ்தானி வெகு தூரம் முன்னால் போயிருந்தது. அரை லெங்த்தில் தோல்வி. இன்னும் ஐம்பது மீட்டர் இருந்திருந்தால் என்று அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பேச்சில் எனக்கு ஆர்வமில்லை. ஸ்டார்க்கியைக் குற்றம் சொல்வதிலும் இல்லை. எனக்கு முக்கியம் அடுத்து நடந்தது. ஷாராஸ்தானி அந்த டெர்பிக்குப் பின் ஐரிஷ் டெர்பியை எட்டு லெங்த்தில் வென்றது. அதனால் எப்சம் முடிவு சரிதான் என்று நம்பியவர்களுக்கு நல்ல ஆதாரம் கிடைத்தது. ஆனால் அஸ்காட்டில் கிங் ஜார்ஜ் பந்தயத்தில் இரண்டும் மறுபடி சந்தித்தபோது, பாட் எடரி ஏறிய டான்சிங் பிரேவ் ஜெயித்தது, ஷாராஸ்தானி நான்காவது. அக்டோபரில் பாரிஸின் லாங்ஷாம்பில் ஆர்க் பந்தயம். மறுபடியும் டான்சிங் பிரேவ் கடைசியில் வெளிப்பக்கமாக வந்தது. பிரெஞ்சு டெர்பி வென்ற பெரிங்கை ஒன்றரை லெங்த்தில் தாண்டியது. ஷாராஸ்தானி அங்கேயும் நான்காவது. எப்சமில் மோதலோ அடைப்போ எதுவும் பெரிதாக நடக்கவில்லை. மெதுவான வேகம், சரிந்த பாதை, தாமதமாகக் கேட்கப்பட்ட கேள்வி. மூன்றும் சேர்ந்து அரை லெங்த்.

எடரியின் பெயர் வந்ததால் அதற்கு இரண்டு வருடம் முந்தைய டெர்பியையும் சொல்ல வேண்டும். 1984-இல் அவர் எல் கிரான் செனோர் மேல் இருந்தார். கடைசி ஃபர்லாங்குகளில் அவர் கை அசையவே இல்லை, பக்கத்தில் ஓடிய சீக்ரெட்டோவின் ஜாக்கி உயிரைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். பார்க்கிற யாரும் எல் கிரான் செனோர்தான் என்று சொல்லியிருப்பார்கள். கேட்டபோது கொடுக்கவில்லை. ஷார்ட் ஹெட்டில் தோல்வி. அசையாத கை பலத்தின் அடையாளம்தான், ஆனால் அந்தப் பலம் கேட்டால் வருமா என்பது வேறு. அதே மாதத்தில் அந்தக் குதிரை அதே தூரத்தில் ஐரிஷ் டெர்பியை வென்றது. இதை நான் என் முறைக்கு எதிரான சாட்சியாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். தடுக்கப்படாத குதிரையின் சொகுசான நடையைப் பார்த்து மட்டும் நோட்டில் பெயர் எழுதுவதை அந்த டெர்பி எனக்குத் தடுத்துவிட்டது.

மெதுவான வேகம் என்றேன். நான் மிகவும் மதிக்கும் துரதிர்ஷ்டம் அதற்கு நேர் எதிரானது, யார் கண்ணிலும் படாதது. மெதுவாகப் போன பந்தயத்தில் பின்னால் இருப்பது பாவம். கடைசி நானூறில் எல்லாக் குதிரையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும், முன்னால் இருப்பது முன்னாலேயே முடித்துவிடும். அதில் பின்னாலிருந்து வந்து இரண்டு லெங்த் குறைத்த குதிரை பெரிய வேலை செய்திருக்கிறது. வேகமாகப் போன பந்தயத்தில் கதை தலைகீழ். முன்னால் இரண்டு குதிரைகள் ஒன்றையொன்று விடாமல் முதல் அறுநூறு மீட்டரில் எரிந்துபோகும். பின்னால் சும்மா வந்தவை கடைசியில் தாண்டிப் போகும்போது பெரிய வீரன் மாதிரித் தெரியும். அப்போது எரிந்த இரண்டில் ஒன்று விழாமல் நின்று மூன்றாவதாக, நான்காவதாக முடித்தால், அன்றைய சிறந்த குதிரை அதுதான். பெரியவர் ஸ்டாப் வாட்சை வைத்திருந்தது இதற்காக. முதல் அறுநூறுக்கு ஒன்று, கடைசி அறுநூறுக்கு ஒன்று, இரண்டு எண் போதும் என்பார். "முன்னாடி போய்த் தோத்த குதிரைக்கு அழுறதுக்கு ஆளே இல்ல தம்பி," என்று ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

அடைபட்ட குதிரையை ஸ்டாண்டில் இருக்கும் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். அடுத்த முறை அது வரும்போது அதன் மேல் கட்டினால் கிடைக்கும் விலை பாதியாகிவிடும். முன்னால் போய் எரிந்து, தாங்கி நின்ற குதிரைக்கு அப்படி இல்லை.

நோட்டில் எழுதிவிட்டால் போதாது, எடுக்கவும் தெரிய வேண்டும். கேட்டில் தாமதமாகக் கிளம்புவது ஒருமுறை நடந்தால் துரதிர்ஷ்டம். மூன்றாவது முறை அது சுபாவம். எப்போதும் வழி கிடைக்காத குதிரை ஒன்று எல்லாக் காலத்திலும் இருக்கும். அது இடைவெளி திறந்தும் நுழையத் தயங்குவதால்தான் மூடிக்கொள்கிறது என்பதை ஏற்க எனக்கு நாள் ஆனது. பக்கத்தில் குதிரை வந்தால் காதை மடக்கிக்கொண்டு தலையைத் திருப்பும். அதற்காக அந்தக் குதிரை மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. பயந்த சுபாவம் அது, அவ்வளவுதான். ஒரு குதிரையை நான் மூன்று ஓட்டத்துக்கு மேல் தொடர்வதில்லை. அந்த மூன்றும்கூட என் நிபந்தனைக்குள் வர வேண்டும். எந்தத் தூரத்தில், எந்த மாதிரி ஓடுபாதையில் அது தொல்லைப்பட்டதோ அதற்கு நெருக்கமாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்து, தரையின் ஈரத்தளர்வைக் காட்டும் பெனட்ரோமீட்டர் எண் ஏறிப்போன நாளில், உலர்ந்த தரையில் நன்றாக ஓடிய குதிரையை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிறகு, உடம்பு. திடீரென்று நின்றுபோன குதிரையைத் துரதிர்ஷ்டப் பட்டியலில் போட எனக்கு அவசரமில்லை. ஸ்டூவர்ட்ஸ் அறிக்கையும் மருத்துவர் குறிப்பும் வரும்வரை காத்திருப்பேன். மூக்கில் ரத்தம் வந்திருக்கலாம், லாடம் கழன்றிருக்கலாம், நொண்டியிருக்கலாம். ஓடி முடித்து, குதிரையைப் பராமரிக்கும் சைஸ் கூட்டிப்போகும்போது அது தலையை எப்படி வைத்திருக்கிறது, பின்கால் எப்படி ஊன்றுகிறது என்று பார்ப்பது எனக்குப் பந்தயத்தைப் பார்ப்பதற்குச் சமம். வலியோடு தோற்ற குதிரையை அடுத்த வாரமே எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்காத காரியம்.

செவலை ஃபில்லி அடுத்து என்ட்ரி ஆன பந்தயத்தில் ஓடவில்லை, விலக்கிவிட்டார்கள். இரண்டு மாதம் அவள் பெயர் எதிலும் வரவில்லை. தினமும் பேப்பரில் காலைப் பயிற்சிப் பத்தியில் தேடுவேன். ஒரு நாள் இருந்தது: வெளி மணல்பாதை, 600 மீட்டர், நன்றாக நகர்ந்தாள் என்ற இரண்டு சொல். 1600 மீட்டரில் திரும்ப வந்தாள். ஸ்ட்ரெயிட்டில் ஜாக்கி இந்த முறை ரெயிலை விட்டு வெளியே கொண்டுவந்தார், தூரம் கொஞ்சம் கூடினாலும் எதிரே ஆளில்லை. ஒரு கழுத்தில் ஜெயித்தாள். நான் நினைத்த மூன்று லெங்த் இல்லை, ஒரு கழுத்து. இரண்டு மாத ஓய்வுக்குப் பின் வந்தவளுக்கு அது எவ்வளவு பெரிது என்று போஸ்ட் தாண்டிய பிறகு அவள் விலா ஏறி இறங்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரியவர் பைனாகுலரை இறக்காமலே, "காதைப் பாத்தியா?" என்று கேட்டார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. இப்போது பெரும்பாலும் பெங்களூரு பந்தயங்களை வீடியோவில் பார்க்கிறேன். நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடி பார்க்க முடிகிறது. அவருக்கு இந்த வசதி கிடைத்திருந்தால் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். நோட்டில் இந்த வாரம் மூன்று பெயர்கள். முதல் இரண்டும் அடைபட்ட குதிரைகள், யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியவை. மூன்றாவது காயடித்த ஆண் குதிரை, ஐந்து வயது, முன்னால் போவதைத் தவிர வேறொன்றும் தெரியாதது. போன முறை 1200 மீட்டரில் இன்னொரு முன்னோடியோடு மல்லுக்கட்டி, முதல் அறுநூறை அந்த நாளின் மிக வேகமான நேரத்தில் ஓடி, மூன்று லெங்த்தில் ஐந்தாவதாக வந்தது. வருகிற வாரத்து என்ட்ரி வந்திருக்கிறது. அதே தூரம், மொத்தம் ஏழு குதிரைகள். மற்ற ஆறின் பழைய ஓட்டங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். முன்னால் போகிற குதிரை அதில் ஒன்றுகூட இல்லை.